ஸ்ரீரங்கத்தார் எழுந்து போகாத கச்சேரி

ஸ்ரீரங்கத்துக் கச்சேரியை நேரில் கேட்டதாக என்னிடமே வந்து சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது நான்கு மணி நேரம் நடந்தது என்பார் ஒருவர்; ஆறு மணி நேரம் என்பார் மற்றொருவர். டிரம்ஸ் வாசித்தவர்மீது அன்று ஏதோ ஒன்று இறங்கியிருந்தது என்று சொல்லிக் கண்களை மூடிக்கொள்வார் மூன்றாமவர். மேடையின் ஓரத்தில் மைக்கின் முன்னால் நின்றவன் நான்தான் என்பது அவர்களில் எவருக்கும் நினைவில்லை. அதற்காக நான் குறைப்பட்டுக்கொள்வதில்லை. அவை கலைந்த பிறகு அறிவிப்பாளனை மறந்து கச்சேரியை மட்டும் மக்கள் கொண்டுபோவார்களானால், அவன் தன் வேலையைச் செவ்வனே செய்தான் என்று பொருள். ஆனால் அன்றைக்கு நான் என் வேலையைச் செவ்வனே செய்யவில்லை. மேடை அறிவிப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஏதேனும் உண்டென்றால், அது அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கிறது.

குழுவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த நால்வர் சேர்ந்து நடத்திய ராக் இசைக்குழு அது. ‘பாயிலர் ஷாப் பாய்ஸ்’ என்பது பெயர். பெயர் வைத்தபோது அவர்கள் பையன்களாக இருந்திருக்கக்கூடும். எழுபதுகளின் நடுவில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களில் மிக இளையவருக்கு நாற்பது நிறைந்திருந்தது. நான் சொல்லப்போகும் கச்சேரி எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது மூத்தவர் பல் கட்டியிருந்தார். கித்தார் வாசித்துக்கொண்டே பாடியவர் டெரிக், ஆங்கிலோ இந்தியர். டிரம்ஸ் வாசித்தவர் அந்தோணிசாமி, பாலக்கரைக்காரர், பணிமனையில் ஃபிட்டர். மற்ற இருவரும் மேடையிலும் வெளியிலும் பேசாதவர்கள். ஆகவே இங்கும் பேசமாட்டார்கள்.

நான் புலவர் பட்டம் பெற்றவன். தெப்பக்குளத்தருகே ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பொன்மலை எல்லையைத் தாண்டிக் கச்சேரி செய்யத் தொடங்கிய இவர்களுக்கு, ஆங்கிலப் பாட்டின் பொருளை முன்கூட்டியே தமிழில் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளாக நான் ஆனேன்.

“இப்பாடலின் பொருள் யாது?” என்று டெரிக்கைக் கேட்பேன்.

“பேபி போயிடுச்சு மேன். அவ்ளோதான்.”

“அடுத்த பாடல்?”

“பேபி திரும்பி வா.”

“அதற்கடுத்தது?”

“பேபி வரல மேன்.”

இவ்வளவு சுருங்கிய உரையை வைத்துக்கொண்டு நான் செய்தது என்னவென்றால், அவர்களுடைய பாடல்கள் அனைத்தையும் ஐந்திணையாகப் பகுத்துக்கொண்டதுதான். பேபி போனது பாலை. மழையில் காத்திருப்பது முல்லை. கடற்கரையில் அழுவது நெய்தல். இவர் வேறொருத்தியோடு நடனமாடிவிட்டு வந்ததற்குப் பேபி கதவைத் திறக்காதது மருதம். குறிஞ்சியில் பன்னிரண்டு பாடல்கள் இருந்தன. அவற்றைப் பற்றி நான் குறைவாகவே பேசினேன்.

முக்கொம்பு அணையருகே ஒருமுறை, தலைவன் விடியலில் நீங்கிச் சென்றதையும் தலைவி அவன் சென்ற வழியையே நோக்கி நின்றதையும் நான் விரித்துரைத்துவிட்டு விலக, டெரிக் பாட, எங்கள் நெடுநாள் ரசிகையான ஸ்டெல்லா டீச்சர் முன்வரிசையில் அமர்ந்து விம்மி அழுதார். பிறகுதான் டெரிக் சொன்னார்.

“அது என் மோட்டார் பைக்கு மேன். வித்துட்டேன்.”

டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

“அழுதாங்களா?”

“அழுதார்கள்.”

“அப்ப விடு மேன். நானும்தான் அழுதேன்.”

அவையோர் பெற்றுக்கொண்டதை அவர்கள் கையிலிருந்து திரும்பப் பிடுங்காதீர்கள். ஐந்திணையையும் கற்றிருந்த நான் இந்த ஒன்றை அவரிடம்தான் கற்றேன்.

ஸ்டெல்லா டீச்சரைச் சொல்லிவிட்டேன். அவரோடு இன்னும் இருவரைச் சொன்னால் போதும். பெரிய கடைவீதியில் அத்தர் கடை வைத்திருந்த கமாலுதீன். வங்கியில் எழுத்தராக இருந்த ஸ்ரீரங்கத்து ராஜகோபாலன். குழு எங்கே வாசித்தாலும் இம்மூவரும் இருப்பார்கள். கச்சேரிக்கு அடுத்த நாள் மாலை கமாலுதீனின் கடையில் கூடுவார்கள். அங்கே வாசனையைவிட வாக்குவாதம் அதிகம்.

“முக்கொம்புல வாசிச்சதுதாங்க வாசிப்பு,” என்பார் கமாலுதீன். “மதகுல தண்ணி அந்தச் சத்தம் போடுது. அதையும் தாண்டி டெரிக் சத்தம் கேக்குது. மாஷா அல்லாஹ்!”

“சத்தத்தை அளந்தா அது சங்கீதமா ஓய்? அப்போ பாத்திரக் கடையிலன்னா நீர் உக்காந்துண்டிருக்கணும்,” என்பார் ராஜகோபாலன். “அந்த எலெக்ட்ரிக் ஆர்கன் வந்துதோ இல்லையோ, அன்னியோட போச்சு. அதுக்கு முன்னாடி கேட்டவாளுக்குத்தான் தெரியும்.”

“நீங்க ரெண்டு பேரும் டெரிக்கையே பாத்துக்கிட்டு இருங்க,” என்பார் ஸ்டெல்லா டீச்சர். “பின்னாடி ஒரு மனுசன் உக்காந்து எல்லாரையும் கரை சேத்துக்கிட்டு இருக்காரு. அவரை ஒருத்தரும் பாக்குறதில்ல.”

“டீச்சருக்கு அந்தோணி அண்ணன் தட்டுனா தகர டப்பாவும் சங்கீதம்,” என்பார் கமாலுதீன். டீச்சர் எழுந்து போய்விடுவார். அடுத்த கச்சேரிக்கு மூவருக்கும் அவரே இடம் பிடித்து வைத்திருப்பார்.

அந்த ஆண்டு ராஜகோபாலன், ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டியிருந்த ஒரு சிறிய சபாவுக்குத் துணைக் காரியதரிசி ஆனார். மாதந்தோறும் ஒரு ஞாயிறு பிற்பகலில் அங்கே கச்சேரி நடக்கும். அந்த மாதம் வரவேண்டியிருந்த புல்லாங்குழல் வித்துவானுக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டுவிட்டது. வீங்கிய கன்னத்தோடு குழலூத இயலாது என்று மூன்று நாளைக்கு முன்னால் தந்தி வந்தது. ராஜகோபாலன் செயற்குழுவைக் கூட்டி, மேல்நாட்டுச் சங்கீதத்தில் முதிர்ந்த வித்துவான்கள் நால்வர் தெய்வாதீனமாகக் கிடைத்திருக்கிறார்கள் என்று சொல்லி இசைவு வாங்கிவிட்டார். ‘முதிர்ந்த’ என்ற சொல்லுக்கு மட்டும் அவரிடம் சான்று இருந்தது.

செய்தி பொன்மலைக்கு வந்தபோது டெரிக் தொப்பியைக் கழற்றிவிட்டார். இருபது ஆண்டுகளில் ஸ்ரீரங்கம் அவர்களை ஒருமுறையும் அழைத்ததில்லை. அந்தோணிசாமியோ என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

“புலவரே, ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு நம்ம ரோஸ்லினுக்கு நிச்சயம். திண்டுக்கல்லேருந்து வராங்க. மாப்பிள்ளையோட அப்பா ரிட்டயர்டு எட்மாஸ்டர். மேளம் தட்டுறவன் வீட்டுல பொண்ணெடுக்கணுமான்னு முதல்லயே மூஞ்சைச் சுளிச்சவரு. எப்பவாவது கோயில்ல வாசிப்பாருன்னு தரகர் சொல்லிச் சமாளிச்சு வச்சிருக்காரு. நான் லேட்டாப் போய் நின்னேன்னா, எந்திரிச்சுப் போயிருவாரு. அஞ்சு மணிக்கு முடிஞ்சுருமில்ல?”

“மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு நிறைவுறும்,” என்றேன். “என் சொல்லை நம்புங்கள்.”

அவர் நம்பினார். கச்சேரி ஐந்துக்கு முடிந்தால் ஐந்தரைக்குப் பாலக்கரையில் இருக்கலாம். குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொள்ளவும் நேரமிருக்கும். கணக்கில் பிழையில்லை.

ஞாயிறன்று பிற்பகல் சபாவில் முந்நூறு பேர் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்கள். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம். முதல் வரிசையின் நடுவில் பன்னிரண்டு திருமண் அணிந்த பெரியவர் ஒருவர், விசிறியோடு. குழு மேடையேறியது. நால்வரும் சிவப்புச் சாட்டின் சட்டை; முதுகில் தீ உமிழும் பறவை ஒன்று பூவேலையாகத் தைக்கப்பட்டிருந்தது. முதல் பாடலின் முதல் அடி விழுந்ததும் பெரியவரின் விசிறி நின்றது. பிறகு அவருடைய வலக்கை மெல்ல உயர்ந்து தொடையில் தாளம் போடத் தொடங்கியது. அவரைப் பார்த்து முந்நூறு கைகள் தொடையில் விழுந்தன. நான் பாலையையும் முல்லையையும் எடுத்துரைத்தேன். தலைகள் அசைந்தன. பாட்டுக்குப் பாட்டு, அடக்கமும் ஒழுங்கும் உள்ள கைதட்டல் எழுந்தது. எல்லாம் நன்றாகவே நடந்தன.

ஐந்து மணிக்குக் கடைசிப் பாடல் முடிந்தது. நால்வரும் எழுந்து நின்று கைகூப்பினார்கள். அவை கைதட்டியது. கைதட்டி முடித்து, அப்படியே உட்கார்ந்திருந்தது.

டெரிக் காத்திருந்தார். ஒருவரும் அசையவில்லை.

இங்கே உங்களுக்கு அந்தக் குழுவின் விதியொன்றைச் சொல்லவேண்டும். அவர்களைப் பழக்கியெடுத்த கிழவர் ஒருவர், ட்ரம்பெட் வாசித்தவர், ஒரே ஒரு கட்டளையை விட்டுச் சென்றிருந்தார்: கேட்பவர்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் வாசிப்பவன் எழுந்து போகக்கூடாது. அது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். நடனக் கூடங்களில் இதனால் தீங்கு வந்ததில்லை. ஆடுகிறவர்களுக்குக் கால் ஓய்ந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

“உக்காந்திருக்காங்க மேன்,” என்றார் டெரிக். “இன்னும் வேணுமாம்.” கித்தாரை மீண்டும் மாட்டிக்கொண்டார்.

அந்தோணிசாமி என்னைப் பார்த்தார். நான் விரலை உயர்த்தி, ஒன்றே ஒன்று என்று குறிப்புக் காட்டினேன். ஒன்று முடிந்தது. கைதட்டல். அசைவில்லை. இன்னொன்று முடிந்தது. அசைவில்லை. மணி ஐந்தே கால்.

இந்தச் சிக்கல் சொல்லால் தீரும் என்று நான் நினைத்தேன். சொல்லையே தொழிலாகக் கொண்டவனுக்கு வரும் மயக்கம் அது. மைக்கைப் பற்றி நன்றியுரை ஆற்றினேன். காவிரியைச் சொன்னேன், கொள்ளிடத்தைச் சொன்னேன், இரண்டுக்கும் இடையில் அமைந்த இத்தீவில் இசை பெருகியதைச் சொன்னேன். பிரியாவிடை என்ற சொல்லை மூன்று இடங்களில் வைத்தேன். குறைசொல்ல முடியாத உரை. அவை மிகவும் மகிழ்ந்தது. சபைத் தலைவர் மேடையேறி, நால்வருக்கும் பொன்னாடை போர்த்தி, எனக்கும் ஒன்று போர்த்தி, கீழே போய்த் தம் இடத்தில் முன்னிலும் நிமிர்ந்து அமர்ந்துகொண்டார்.

“சால் போட்டுட்டாங்க மேன்!” என்றார் டெரிக். “சால் வாங்கிக்கிட்டு ஓடிப் போறதா?” பொன்னாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான்கு ஆண்டுகளாகப் பாடாத ஒரு பாடலை எடுத்தார். அது நெய்தல். மிக நீண்டது.

அந்தோணிசாமிக்கு வழி ஒன்றுதான் இருந்தது. பாட்டை நிறுத்த அவரால் இயலாது. விரைவாக முடிக்க இயலும். ஆகவே அவர் ஓட்டத் தொடங்கினார். நெய்தல் பாடல் முன்பின் அறியாத வேகத்தில் போயிற்று. கடற்கரையில் நின்று அழவேண்டிய தலைவி கடற்கரையெங்கும் ஓடினாள். டெரிக் மூச்சுவிட இடமில்லாமல் சொற்களைப் பாதியில் விழுங்கினார். பேசாத இருவரும் பேசாமலே வேர்த்தார்கள். முதல் வரிசையில் தாளம் போட்ட கைகள் ஒருகணம் தடுமாறி, பிறகு ஒரு கையை விட்டு இரு கைகளாலும் தொடையைத் தட்டிப் பிடித்துக்கொண்டன. “பலே!” என்றது ஒரு குரல். அன்று அந்தோணிசாமியின் கைகளில் பரிசுத்த ஆவி இறங்கியது என்று ஸ்டெல்லா டீச்சர் இன்றும் சாதிக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் கைகளில் இறங்கியிருந்தது திண்டுக்கல்.

“மணி என்ன புலவரே?” பாட்டின் நடுவே குரல் வந்தது.

“ஐந்து ஐம்பது.”

“எம் பொண்ணு புலவரே!” டிரம்ஸின் இரண்டு பித்தளைத் தட்டுகளும் ஒருசேர அதிர்ந்தன. அவை ஆர்ப்பரித்தது.

ஆறு மணி தாண்டியது. இளைய நண்பர்களே, மேடையில் நெருக்கடி வரும்போது நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் எல்லாரும் மேடையையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நான் ஒருமணி நேரம் அப்படித்தான் நின்றேன். முந்நூறு பேர் ஏன் போகவில்லை என்று அந்த முந்நூறு பேரில் ஒருவரைக் கேட்கலாம் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மேடையை விட்டு இறங்கி, குனிந்து, முன்வரிசைப் பெரியவரின் பக்கத்தில் போய் அமர்ந்தேன்.

“சுவாமி, இன்னும் கேட்க விருப்பமா?”

அவர் தாளத்தை நிறுத்தாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். “விருப்பமா? இடுப்பு விட்டுப் போயாச்சு ஓய். ரெண்டு காலும் இருக்கறதா இல்லையான்னே தெரியலை. பெருமாள் சேவைக்கு நாழியாறது. உம்ம ஆள் நிறுத்தமாட்டேங்கறாரே!”

“அப்படியானால் எழுந்து போகலாமே?”

என்னைப் பார்த்த பார்வையில் வியப்பும் இரக்கமும் இருந்தன. “மங்களம் பாடலையே. மங்களம் பாடாம சபையை விட்டு எழுந்துண்டா அபசாரம் இல்லையோ? வித்துவானுக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. நீர் தமிழெல்லாம் வாசிச்சவர், இது தெரியாதா?”

தெரியும். கச்சேரி மங்களத்தில் முடியும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். கித்தார் வாசிக்கிற இடத்தில் அந்த வழக்கம் வந்து உட்கார்ந்திருக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை. இவர்கள் எழுந்தால்தான் அவர்கள் நிறுத்துவார்கள். அவர்கள் மங்களம் பாடினால்தான் இவர்கள் எழுவார்கள். இரு சாராரும் மரியாதை தெரிந்தவர்கள். அதனால் விடியும்வரைகூட நடக்கும்.

சுவரோரம் நின்று மெய்மறந்து ஆடிக்கொண்டிருந்த ராஜகோபாலனிடம் ஓடினேன்.

“மங்களம் பாடாமல் இவர்கள் போகமாட்டார்கள் என்பது உமக்குத் தெரியுமா?”

“தெரியுமே.”

“ஏன் சொல்லவில்லை?”

“சொல்லுவேனா ஸ்வாமி?” என்றார், கூச்சமேயில்லாமல். “இருபது வருஷமா ரெண்டு மணி நேரத்துல மூட்டையைக் கட்டிண்டு போயிடறா. எத்தனை பாட்டு கேக்காமலே போயிருக்கு! இன்னிக்கு ஒருநாள் ஆசைதீரக் கேட்டுக்கறேன். மங்களம் பாடினாத்தானே போவா? யார் பாடப்போறா?”

ரசிகனை நம்பி நிகழ்ச்சியின் முடிவை ஒப்படைக்காதீர்கள். அவன் முடிவை விரும்பாதவன்.

“அந்தோணிசாமியின் மகளுக்கு ஆறு மணிக்கு நிச்சயதார்த்தம்,” என்றேன். “இப்போது மணி ஆறு பத்து.”

ராஜகோபாலனின் ஆட்டம் நின்றது. “ரங்கா! ரோஸ்லினுக்கா? அதை முன்னாடியே சொல்லப்படாதா?” வேட்டியை இறுக்கிக்கொண்டு மேடையை நோக்கி அவரே நடந்தார்.

இப்போது டெரிக்கிடம் என்ன சொல்வது? இவர்கள் உம் பாட்டுக்காக அமர்ந்திருக்கவில்லை, எழுந்தால் பாவம் என்று அமர்ந்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதைக் கேட்டால் அவர் அந்த நொடியே நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அமர்ந்திருப்பவர்களைப் பார்த்து அவர் மகிழவும் மாட்டார். பொய் சொல்ல எனக்கு வராது. பாடல் முடிந்த இடைவெளியில், சொற்களைப் பொறுக்கி எடுத்து அவர் காதில் சொன்னேன்.

“டெரிக், இந்த ஊரில் கடைசியாக மங்களம் என்று ஒன்று பாடுவார்கள். அதை உங்கள் கையால் கேட்காமல் எழுந்து போகமாட்டோம் என்கிறார்கள்.”

பொய் ஏதுமில்லை. விடுபட்டது மட்டும் உண்டு.

டெரிக்கின் கண்கள் கலங்கிவிட்டன. “கேக்காம போமாட்டாங்களாமா? வாட் எ க்ரௌடு, மேன்! என்ன ட்யூன்? யாராச்சும் பாடிக் காட்டு.”

ராஜகோபாலன் மைக்கின் பக்கத்தில் நின்று மத்தியமாவதி ராகத்தை முனகினார். “அஞ்சே அஞ்சு சுரம்தான் ஸ்வாமி.”

டெரிக்கின் விரல்கள் கம்பியில் இரண்டு முறை ஏறி இறங்கின. “இந்த அஞ்சா? இது என் சொந்த வீடு மேன்! இருபது வருஷமா இதுலதான் குடியிருக்கேன்!”

வங்கியில் தொகையைப் படித்துச் சொல்லும் குரலில் ராஜகோபாலன் பாடத் தொடங்கினார். மின்கித்தார் கூடவே எழுந்தது. அந்தோணிசாமி தாழ்ந்த ஓசையில் ஒரு தாளத்தைக் கொடுத்தார். வேகம் மட்டும் குறையவில்லை. முதல் அடி முடிவதற்குள் முந்நூறு பேரும் ஒருசேர எழுந்தார்கள்.

எழுந்தார்கள் என்று சொல்லலாமே தவிர, நின்றார்கள் என்று சொல்ல முடியாது. மூன்றேகால் மணி நேரம் சம்மணமிட்ட கால்கள். எல்லாருக்கும் மரத்துப்போயிருந்தன. ஒருவர் தோளை ஒருவர் பிடித்தார்கள். பிடித்தவரோடு பிடிபட்டவரும் சாய்ந்தார். வரிசை வரிசையாக இடமும் வலமுமாக அசைந்தார்கள். பெண்கள் பகுதியில் கைகோத்துக்கொண்டு காலை உதறினார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒற்றைக் காலில் மூன்று தடவை குதித்து, சபைத் தலைவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அரைவட்டம் சுற்றினார்.

“லுக், மேன், லுக்!” டெரிக் கித்தாரைத் தலைக்குமேல் தூக்கினார். “ஸ்ரீரங்கம் டான்ஸ் ஆடுது!”

பின்னாளில் அவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனார். அங்கிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் இந்த ஒரு காட்சி இருந்தது. நான் அதில் ஓர் எழுத்தையும் திருத்தியதில்லை.

மங்களம் நான்கு முறை சுழன்றது. நான்காவது சுழற்சியில் மண்டபத்தில் ஜமக்காளம் மட்டும் கிடந்தது. உட்கார்ந்தவர் ஒருவருமில்லை என்று கண்டபிறகே டெரிக் கித்தாரைக் கீழே வைத்தார். மணி ஆறு இருபத்தைந்து.

அந்தோணிசாமி அதற்குள் வாசலில் இருந்தார். கமாலுதீன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். நான் வழியனுப்பக் கையை உயர்த்தினேன். அந்தக் கையைப் பிடித்து அந்தோணிசாமி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

“அஞ்சு மணின்னு சொன்னது நீங்க. நீங்களே வந்து சொல்லுங்க.”

மூவரும் காவிரிப் பாலத்தைக் கடந்தோம். நான் மன்னிப்புரையை நான்கு பகுதிகளாக மனத்தில் அமைத்துக்கொண்டு வந்தேன். முன்னாலிருந்து கமாலுதீன் கத்தினார்.

“அண்ணே, என் முதுகுல வாசிக்காதீங்கண்ணே! ஹேண்டில் ஆடுது!”

“நான் எங்க வாசிக்கிறேன்? கை தன்னால போகுது தம்பி.”

பாலக்கரையில் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. உள்ளே கூடத்தில் பழத்தட்டுகளும் வெற்றிலையும் நடுவில் தொடப்படாமல் இருந்தன. அந்தோணிசாமியின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருந்த முதியவர்தான் தலைமையாசிரியர் என்பதை அறிமுகமில்லாமலே அறிந்தேன். அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிவப்புச் சாட்டின் சட்டையைப் பார்த்தார். அந்தோணிசாமி மனைவியிடம் ஏதோ சொல்லத் திரும்பியபோது, தீ உமிழும் பறவையையும் பார்த்தார்.

“எங்க போயிருந்தீங்க?”

“கோயில்ல வாசிக்க…” என்று அந்தோணிசாமி தொடங்கினார்.

“எந்தக் கோயில்?”

“ஸ்ரீரங்கம்,” என்றார் அந்தோணிசாமி. பொய் சொல்ல அவருக்கும் வராது.

மாப்பிள்ளைப் பையன் தரையைப் பார்த்தான். தலைமையாசிரியரின் கை நாற்காலியின் பிடியை அழுத்தியது, எழப்போகிறார். நான் முன்னால் வந்தேன்.

“நீங்க யாரு?”

“இவர்கள் குழுவில் பேசுகிறவன்.”

“சரி, பேசுங்க.”

“பெருமதிப்பிற்குரிய சம்பந்தியவர்களே,” என்று தொடங்கினேன். “பொன்னியாறு இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடத் துடிக்கும் இந்நிலத்தில், காலந்தாழ்த்தல் என்னும் குற்றத்தை ஆராயப் புகுவோமாயின், அது நால்வகைப்படும். அவற்றுள் முதலாவது…”

பெரியவர் கையை உயர்த்தினார். “சார், சார். ஏழே முக்காலுக்கு எங்களுக்கு பஸ்சு. நாலு வகையையும் நீங்க சொல்லி முடிச்சா நாங்க இங்கதான் படுக்கணும்.” அந்தோணிசாமியின் பக்கம் திரும்பினார். “பையனுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. பொண்ணுக்கும் பிடிச்சிருக்காம். நீங்க லேட்டா வந்ததுக்கு நான் கோவப்படணும், கோவப்பட நேரமில்ல. சம்மதம். முதல்ல இவரை உக்கார வைங்க. தட்டை எடுங்க.”

நான் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் என் பேச்சு இவ்வளவு விரைவாகப் பயன் தந்ததில்லை.

தட்டு மாற்றுவதற்காக அந்தோணிசாமி எழுந்து நின்றார். வெள்ளித் தட்டை இரு கைகளாலும் ஏந்தினார். உடனே தட்டு அதிரத் தொடங்கியது. பத்து விரல்களும் அடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தன, நெய்தலின் வேகத்தில். வெற்றிலைகள் எழும்பி எழும்பி விழுந்தன. எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு ஓடி விளிம்பில் முட்டித் திரும்பியது. பெரியவர் தம் தட்டை நீட்டியபடி, எந்தப் பக்கம் வாங்குவது என்று தெரியாமல் நின்றார். அந்தோணிசாமி பல்லைக் கடித்துக்கொண்டு கைகளைப் பார்த்தார். அவை அவர் பேச்சைக் கேட்கவில்லை.

உள்ளறை வாசலில் நின்ற ரோஸ்லின் நடந்து வந்தாள். புதுச் சேலை, தலைநிறைய மல்லிகை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தட்டுக்கு அடியில் தன் கையைக் கொண்டுபோய்த் தந்தையின் மணிக்கட்டைப் பற்றினாள்.

“முடிஞ்சுருச்சுப்பா,” என்றாள், தாழ்ந்த குரலில். “எல்லாரும் எந்திரிச்சுப் போயாச்சு.”

விரல்கள் நின்றன. வெற்றிலை அடங்கியது. பெரியவர் தட்டைப் பெற்றுக்கொண்டார்.